மலை ஏறிய பானை மூடி

எங்கள் குசினியில் ஒரு பானையும் அதற்கொரு மூடியும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மூடியின் நடுவில் பள்ளம், விளிம்பில் நெளிவு. சோறு வேகும்போது அந்த நெளிவு வழியாக ஆவி பறந்து, மேலே இருக்கிற அலுமாரிக் கதவின் சாயமே உரிந்துவிட்டது. “உதை எறிஞ்சிட்டுப் புதுசொண்டு வாங்குவமே?” என்று மனைவி கேட்பாள். நான் விடுவதில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்கிறாள், பாதி உண்மை. மீதி என்னவென்றால், இந்த மூடி ஒருமுறை சைக்கிள் பந்தயமொன்றின் மலை உச்சி வரைக்கும் போய் வந்தது. எங்கள் வீட்டில் விளையாட்டுத் துறையில் இவ்வளவு தூரம் முன்னேறிய வேறு பொருள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பந்தயம் ஓடியவள் அக்கா. பெரியம்மாவின் மகள். ஒஸ்லோவில், ட்வெய்ட்டா என்ற இடத்தில் அவர்களும் நாங்களும் ஒரே அடுக்குமாடியில், ஒரே படிக்கட்டில் குடியிருந்தோம். பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் கழகத்தில் சேர்ந்தவள் அதை விடவே இல்லை. துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் படிக்கப் போனாள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு தொழில்முறைக் குழுவில் சேர்ந்தாள். பெரியப்பா பஸ் ஓட்டுநர். மகளை டொக்டராக்குவதற்காகப் பனியிலும் குளிரிலும் பஸ் ஓட்டியவர். “சைக்கிளை விட்டிட்டுக் கார் ஓடத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது. உவள் காருக்கு மேலை சைக்கிளைக் கட்டிக்கொண்டு திரியிறாள்” என்பார். கலியாண வீடுகளில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், “ஐரோப்பாவிலை வேலை” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயாசம் கேட்பார்.

அக்காவைப் பார்த்து எனக்கும் ஆசை வந்ததுண்டு. சைக்கிளும், உடம்போடு ஒட்டுகிற அந்தக் காற்சட்டையும் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழைந்த அன்று, பக்கத்து வீட்டு நோர்வே அம்மா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, தான் படியால் வருவதாகச் சொன்னார். அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு. அத்தோடு என் பந்தய வாழ்க்கை முடிந்தது.

அக்கா வெல்கிறவள் இல்லை. அது அவளுடைய வேலையும் இல்லை. குழுவின் தலைவி காற்றில் களைக்காமல் இருக்க முன்னால் மறைத்து ஓடுவது, பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் அடைத்துக் கொண்டுவந்து கொடுப்பது, பிறகு மலை தொடங்கும்போது களைத்துப் பின்தங்குவது. அந்த வருடம் வசந்தத்தில் விழுந்து காறை எலும்பை வேறு உடைத்திருந்தாள். கோடையில் பல நாள் நடக்கிற ஒரு பந்தயத்தின் ஒருநாள் ஓட்டம் ஒஸ்லோவிலேயே, ஹொல்மென்கொல்லனுக்கு மேலே மலை உச்சியில் முடிவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“வெண்டவ வந்து கொஞ்ச நேரத்துக்குள்ளை நானும் மேலை போய்ச் சேர வேணும். பிந்தினா நாளைக்கு ஓட விடமாட்டினம். இந்த வருசம் ஒழுங்கா ஒண்டையும் முடிக்கேல்லை. இதையும் விட்டா அடுத்த வருசம் குழுவிலை வைச்சிருக்க மாட்டினமடா” என்றாள். பிறகு, அதைவிடச் சின்னக் குரலில், “அப்பா வருவாரே?” என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் அவரைக் கேட்டிருக்கவில்லை.

கேட்டபோது பெரியப்பா மறுக்காதது எனக்கே அதிசயம். ஆனால் நாங்கள் தமிழர். அழைப்பிதழில் பத்து மணி என்றிருந்தால் பன்னிரண்டுக்குப் போய், இன்னும் மாப்பிள்ளை வரவில்லை என்று கண்டு மகிழ்கிறவர்கள். பந்தயமும் அப்படித்தான் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். போதாக்குறைக்குப் பெரியம்மா ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினார். “அவ்வளவு பிள்ளையளும் பசியோடை வருங்கள்” என்று ஒரு பானை புளிச்சாதமும் கிண்டினார். எல்லாம் முடிந்து காரில் ஏறி நேரே மலைக்கு விட்டேன். அடிவாரத்தில் பொலிஸ்காரர் மறித்தார். பாதை பூட்டியிருக்கிறது என்றார். ஏன் என்று கேட்டேன். சைக்கிள் பந்தயம் நடக்கிறது என்றார். அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நான் சொன்னபோது, காற்சட்டை போட்ட அன்று பக்கத்து வீட்டு அம்மா பார்த்தது போலவே அவரும் என்னைப் பார்த்தார்.

காரை விட்டுவிட்டு, பானையோடும் ரோல்ஸ் பெட்டியும் அகப்பையும் வைத்த பையோடும் மலைக்குப் போகிற மெட்ரோ ரயிலில் ஏறினோம். என் மடியில் பானை. ஒவ்வொரு நிலையத்திலும் எதிர்ப்பக்க மேடையில் கொடிகளோடும் பந்தயத்தில் ஆட்டுகிற மாட்டுமணிகளோடும் சனம் கீழே இறங்கக் காத்து நின்றது. பெரியம்மாவுக்கு நல்ல சந்தோசம். “கூட்டம் குறையுது. எங்களுக்கு இடம் கிடைக்கும்.” பெரியப்பா மட்டும் அந்தக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநருக்கு, புறப்பட்டுப் போன வண்டி எப்படியிருக்கும் என்று தெரியும்.

கடைசி நிலையத்தில் இறங்கி, ஊசியிலை மரங்களுக்கு நடுவே நடந்து பந்தயப் பாதைக்கு வந்தோம். வென்றவளுக்குப் பூச்செண்டு கொடுத்தாகிவிட்டது. தடுப்புக் கம்பிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். கையில் மணியோடு ஒரு வயதான நோர்வே அம்மா மட்டும் நின்றிருந்தார். இன்னும் ஒருத்தி வரவேண்டும், ஆனால் நேரம் போதாது போலிருக்கிறது என்றார்.

அப்போது வளைவில் அக்கா தெரிந்தாள். நேராக ஓட முடியாமல் பாதையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுபட்டுக்கொண்டு வந்தாள். முகத்தில் உப்புப் பூத்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு வான், பந்தயத்தைக் கைவிடுகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காக நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. அந்த வானுக்கு நல்ல பொறுமை. எங்கள் பிள்ளைக்காக அது கதவைத் திறந்து வைத்திருந்தது போலத் தோன்றியது.

பெரியப்பா என் கையிலிருந்த பையைத் தட்டிவிட்டு ஓடினார். கோயில் தேரில் ஒவ்வொரு வருடமும் வடம் பிடிக்கிறவர் அவர். தேர் மேட்டில் சிக்கினால் ஆட்கள் பின்னால் போய்த் தோள் கொடுப்பார்கள். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். மகளுக்குப் பக்கத்தில் ஓடி, இருக்கைக்குப் பின்னால் கையை நீட்டினார். பின்னால் வந்த நடுவரின் கார் ஹோர்ன் அடித்தது. அக்கா தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“அப்பா, தள்ளாதேங்கோ. தண்டிப்பினம். கத்துங்கோ.”

கை அந்தரத்தில் நின்றது. அந்த ஒரு கணம் பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். பிள்ளையைத் தொடாமல் என்ன செய்வது என்று தெரியாத முகம். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஓட்டத்தை விடவில்லை. வாயைத் திறந்தார்.

“அரோகரா!”

வேறென்ன கத்துவது? பந்தயத்தில் கத்துகிற சொல் எங்களிடம் இருக்கவில்லை. தேர் வீதியில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது. பெரியம்மா சேர்ந்துகொண்டார். எனக்குக் கையில் மணி இல்லை. கீழே வைத்த பானையின் மூடி இருந்தது, பையில் அகப்பை இருந்தது. அடித்தேன். தடுப்புக் கழற்றிய பெடியன்கள் வேலையை விட்டுவிட்டு “ஹையா, ஹையா” என்று நோர்வே முறையில் உற்சாகப்படுத்தினார்கள். நோர்வே அம்மா, நாங்கள் கத்துவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இது எங்களுடைய ஹையா என்றேன். அடுத்த வளைவில் அவரும் தெளிவாக “ஹரூஹரா” என்றார்.

நான் கொஞ்சத் தூரம்தான் ஓடினேன். பிறகு பாதையோரப் பாசியில் மல்லாந்து படுத்தபடி மூடியை அடித்தேன். என்னைக் கடந்து போன வானின் ஓட்டுநர், நான் ஏறப்போகிறேனா என்று கையால் கேட்டார்.

நான் பானையையும் பையையும் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சைக்கிளில் சாய்ந்தபடி நின்றாள். முதலுதவிக்காரப் பெண் ஒருத்தி அவளைப் பிடித்திருந்தாள். பெரியப்பா தள்ளி நின்று, மூச்சு வாங்கியபடி, நேரம் காட்டும் பலகையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது விளங்கவில்லை. “உள்ளையோ, வெளியையோ?” என்று கேட்டார். அக்கா நிமிர்ந்தாள்.

“உள்ளை, அப்பா. மயிரிழை.”

பெரியப்பா தலையை ஆட்டினார். பிறகு அவளுடைய முதுகில் கையை வைத்தார். இப்போது வைக்கலாமோ என்று நடுவரின் காரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பெரியம்மா ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். குழுவின் உணவு நிபுணர் ஓடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த வாய்க்குள்ளும் ஒரு ரோல்ஸ் போனது. புளிச்சாதப் பானை மூடியில்லாமல் காலியானது.

குழு அக்காவை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓடினாள், ஒருநாளும் வெல்லவில்லை. கலியாண வீடுகளில் பெரியப்பா இப்போது யாரும் கேட்காமலே சொல்கிறார், பாயாசம் ஆறுகிற வரைக்கும். அக்கா இன்று அதே குழுவின் காரில் ஸ்டியரிங் பிடிக்கிறாள். இளம் பெண்களுக்கு ஜன்னலால் தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறாள்.

இந்தக் கோடையில் பந்தயம் மறுபடியும் அந்த மலைக்கு வருகிறது. இந்த முறை நேரத்துக்குப் போகவேண்டும் என்று நான் அட்டவணை எல்லாம் பார்த்து, அக்காவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

“வெள்ளன வந்திடாதேங்கோ. முன்னுக்கு வாறவைக்குக் கத்த ஆக்கள் இருக்கினம். எங்கட குழுவிலை ஒரு சின்னப் பெட்டை, மலையெண்டால் கடைசியாத்தான் வருவாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வழமை போலை பிந்தி வாங்கோ.”

மனைவியிடம் காட்டினேன். அவள் வாசித்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூடியை எடுத்து, ஆவியை உதறி, துடைத்து என்னிடம் தந்தாள். பானைக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.