காற்று வந்தது, பாடம் கேட்கவில்லை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்துச் சனிக்கிழமை. புதுச்சேரிப் பக்கம், பாகூர் கொம்யூனில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நான் சண்டை போடுவதற்கென்றே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ஒதியம்பட்டில் பிறந்து வளர்ந்து, வில்லியனூரில் சின்னதாக ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உன்ன செங்கல் சூளையில வேலைக்கு வெச்சா நெருப்பே தேவயில்ல" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதில் வேடிக்கை என்னவென்றால், சூளையில் சுட்ட செங்கலே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டியதுதான் அந்தப் பள்ளியின் புதுக் கட்டடம்.

அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் படித்தார்கள். நான் முதன்முதலில் போய்ப் பார்த்தபோது மத்தியானம் இரண்டு மணி. கரண்ட் இல்லை. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் நோட்டின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் மேல் என்ன தப்பு? நானே பத்து நிமிடத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன். கரண்ட் போனாலும் வியர்க்காத வகுப்பறையை இந்தப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்காவிட்டால் நான் படித்த படிப்பு எதற்கு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பள்ளி வளாகத்திலேயே மண் எடுத்தோம். அதில் கொஞ்சம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் மெஷினில் அழுத்திக் கல் செய்தோம். ஈரச் சாக்கு போட்டு மூடி, நாலு வாரம் தண்ணீர் தெளித்தால் கல் இறுகிவிடும். விறகும் வேண்டாம், புகையும் வேண்டாம். மண் எடுத்த பள்ளம் மழைத்தண்ணீர் தேங்கும் குட்டையானது. கடற்காற்று வருகிற தெற்குப் பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாகச் சுவர் வைத்தேன். கூரையைத் தூண்கள் தாங்கிக்கொண்டதால், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் சுவரைக் கூரைவரை எழுப்பாமல் இரண்டடி முன்னாலேயே நிறுத்திவிட்டேன். ஒரு முனையில் நுழைகிற காற்று அந்த இடைவெளி வழியாக ஆறு வகுப்புகளையும் சுற்றிவிட்டு மறுமுனையில் வெளியேறும். அந்த இரண்டடி இடைவெளியை நினைத்து எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜூனில் பள்ளி திறந்த அன்று ஊரே வந்து பார்த்தது. கரும்பு போடுகிற ஓர் அப்பா, வாட்டசாட்டமான ஆள், சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, சொவுத்துக்குள்ள ஏசி கீசி வெச்சிகிறீங்களா?"

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏழாவது வாரம் தலைமையாசிரியர் போன் செய்தார். புதுக் கட்டடத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று டீச்சர்கள் சொல்கிறார்களாம். பத்தாம் வகுப்பைப் பழைய ஷெட்டுக்கே கொண்டுபோகலாமா என்று பேச்சு வந்திருக்கிறதாம். பெற்றோர்களோ இடைவெளியையும் ஓட்டைகளையும் சிமென்ட் பூசி அடைத்துவிட்டு ஃபேன் மாட்டச் சொல்கிறார்களாம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

கூட்டத்தில் அதே கரும்புக்கார அப்பாதான் முதலில் எழுந்தார். "மேடம், காத்து வருது, இல்லன்னு சொல்லல. பாடம் ஒண்ணும் காதுல வுழல்லன்னு எம்பொண்ணு அழுவுது. பரீட்ச வருது இல்ல?" என்றார். அடுத்துக் கணக்கு டீச்சர் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். தொண்டை கட்டிப்போய், பேசுவது பாதி காற்றாகத்தான் வந்தது. பக்கத்து வகுப்பின் சத்தம் இடைவெளி வழியாக அப்படியே வருகிறது, கத்திக் கத்தி முடியவில்லை என்றார்.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "பசங்கள அமைதியா வெச்சிக்கறது டீச்சரோட வேல. அதுக்கெல்லாமா ஆர்கிடெக்ட் வரணும்?" என்று கேட்டுவிட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "திங்கக்கிழம வாங்க மேடம். எங்கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல ஒக்காருங்க. ஒரு நாள் முழுக்க. அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறேன்."

"வரேன்" என்றேன், வீம்பாக. அதுவரைக்கும் சிமென்ட் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள், என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜில்லென்று காற்று வந்தது. பார்த்தாயா என்று மனசுக்குள் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. இடது பக்கத்து ஆறாம் வகுப்பு தமிழ்ச் செய்யுளை ஒப்பிக்கத் தொடங்கியது. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒப்பிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். டீச்சர் ஒரு வரி சொல்ல, நாற்பது பிள்ளைகள் தொண்டை நரம்பு புடைக்கச் சேர்ந்து கத்தவேண்டும். அது முடிவதற்குள் வலது பக்கத்து ஏழாம் வகுப்பு வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டது. நானும் அப்படிக் கத்திப் படித்தவள்தான். வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எந்தப் பக்கம் வீசும், சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டேனே, பிள்ளைகளின் வாயை மட்டும் மறந்துபோனேன். இத்தனைக்கும் அந்த வாய்க்காகத்தானே பள்ளிக்கூடமே!

முன்னால் கணக்கு டீச்சரின் உதடுகள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், எப்படி எழுதுகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"முன்பெஞ்ச்ல அவ பேனா ஓடுது பாருங்க மேடம், அத்த பாத்து நாங்க எழுதுவோம். அவ தப்பா எழுதினா எங்களுக்கும் தப்புதான்."

சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து டீச்சர் கரும்பலகையில் எதையோ தட்டிக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கை நீட்டினார். வகுப்பே திரும்பியது. நான் எழுந்து நின்றேன். அவர் நடந்து என் பக்கத்தில் வந்து நின்று, "கடைசி பெஞ்ச் மேடம், நான் இப்ப இன்னா சொன்னேன்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதில், நானே கட்டிய வகுப்பறையில், பதில் தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் என் கையைத் தொட்டாள். "மேடம், ஆனா ஓட்டய அடச்சிடாதீங்க. அங்க ஷெட்ல தல வலிக்கும். இங்க வலிக்கல" என்றாள். அந்தக் கரும்புக்காரரின் மகள் அவள்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சொன்ன வாக்கு தவறாமல் நாள் முழுக்க உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டீச்சர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார், பனங்கற்கண்டு போட்டது. ஒரு மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பை விட்டுவிட்டு எப்படி லீவு போடுவது என்று இவர் வந்துகொண்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டிவிட்டு, "எனக்கும் இந்தக் கட்டடம் புடிக்கும் மேடம். இங்க ஒரு புள்ளயும் தூங்கல. போன வாரமே சிமென்ட் வந்து எறங்கிடுச்சி, நான்தான் ஒங்கள கூப்ட்டு காட்டிட்டு அப்பறம் பூசலாம்னு நிறுத்தி வெச்சேன்" என்றார். என் கட்டடத்தைக் காப்பாற்றியவரைத்தான் நான் ஊர் நடுவில் அவமானப்படுத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். ஷெட்டுக்கும் போக வேண்டாம், ஓட்டையையும் அடைக்க வேண்டாம், எனக்குக் காலாண்டு விடுமுறை முடியும்வரை தவணை கொடுங்கள், காற்றும் வரும், பாடமும் கேட்கும் என்றேன். எப்படி என்று அவர் கேட்டார். தெரியாது, ஆனால் செய்வேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதுவரைக்கும் ஒப்பிக்கிற வகுப்புகளையெல்லாம் புங்க மரத்தடிக்கு மாற்றினார்.

முதலில் அந்த இடைவெளியில் தேங்காய் நார்ப் பாய்களைத் தொங்கவிட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. காற்று சுத்தமாக நின்றுபோய், வகுப்பு வெந்தது. ஒரே வாரத்தில் கழற்றினேன். பாதி ஊர் வேடிக்கை பார்த்தது, மீதி ஊர் சிரித்தது. கோபம் வந்தது, ஆனால் இந்தத் தடவை என் மேலேயே.

மறுபடி வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வகுப்புக்கும் ஒரே காற்று எதற்கு? ஒவ்வொரு வகுப்பும் தன் காற்றைத் தானே வாங்கித் தானே வெளியே விடட்டுமே என்று தோன்றியது. நடுச்சுவர்களைக் கூரைவரை எழுப்பிவிடுவது. தெற்கே நுழைகிற காற்று போவதற்கு, ஒவ்வொரு வகுப்பின் வடக்குச் சுவரிலும் கூரைக்குக் கீழே நீளமாகத் திறப்பு வைப்பது. சாரல் அடிக்காமல் அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். கழற்றிய நார்ப் பாய்களைப் பின்சுவரில் அறைந்துவிட்டால் எதிரொலியும் அடங்கும்.

அதற்கு மறுபடி மண் கல் வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கல் இறுகாது. ஆவணிக்குள் அடித்தாக வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்ட மெஷினை மடுகரைப் பக்கம் ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். ஆள் போதவில்லை. நானே சுடிதாரை இழுத்துக் கட்டிக்கொண்டு மண் சுமந்தேன். இரண்டாம் நாள் காலையில் கரும்புக்கார அப்பா நாலைந்து பேரோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா, ஆர்கிடெக்ட்டுன்னா சட்டியில மண்ணு தூக்குவாங்களா?"

"தப்பா கட்டினா தூக்கித்தான் ஆவணும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மெஷின் கைப்பிடியைப் பிடித்தார். அதற்கப்புறம் சனி ஞாயிறு தவறாமல் ஆள் வந்தது. மாதா கோயில் பூசை முடித்துவிட்டு வந்தவர்களும், ஆடி முடிந்தும் கையில் கட்டிய காப்பை அவிழ்க்காமல் வந்தவர்களும் ஒரே மெஷினில் மாறி மாறி அழுத்தினார்கள். பிள்ளைகள் முறை வைத்துக் காலையும் மாலையும் சாக்கை நனைத்தார்கள். காலாண்டு விடுமுறையில் சுவர் எழும்பியது. கடைசித் திறப்புக்குத் தாழ்வாரம் போட்டு முடித்த மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

பள்ளி திறந்த அன்று யாரும் கூப்பிடாமலே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து வகுப்பில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ தெருக்கோடியில் கேட்பது போலக் கேட்டது. காற்று வந்துகொண்டிருந்தது, முன்பைவிட ஒரு பங்கு கம்மிதான், பொய் சொல்லமாட்டேன். கணக்கு டீச்சர் கத்தவில்லை. வீட்டில் பேசுவதுபோல, தணிந்த குரலில் ஒரு கணக்கைச் சொன்னார். முன்பெஞ்சுப் பேனா ஓடுவதற்கு முன்னாலேயே என் பக்கத்துப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள்.

"கடைசி பெஞ்ச் மேடம், நான் இப்ப இன்னா சொன்னேன்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

எழுந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல் கணக்கைத் திருப்பிச் சொன்னேன். அதற்கு விடையும் சொன்னேன். விடை தப்பு. வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டதாம். டீச்சரும் சிரித்தார், ஆனால் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அந்த வருடம் பத்தாம் வகுப்பு ஷெட்டுக்குப் போகவில்லை. அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். டீச்சரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவேயில்லை. இன்றைக்கும் நல்ல நாளில் போன் செய்தால் முதல் இரண்டு வார்த்தை வெறும் காற்றாகத்தான் வருகிறது. நான் கேட்காமல் போன ஏழு வாரத்துக்கு அவர் கொடுத்த விலை அது என்பதால், எந்தக் கட்டடத்தை முடித்தாலும் அதன் கடைசி மூலையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்த பிறகுதான் இன்றுவரை நான் சாவியை ஒப்படைக்கிறேன்.