முகவரிக் கட்டம்

விற்பனைப் பிரிவுக்கு ஆள் எடுப்பதற்கான விண்ணப்பங்களை இன்று காலை திறந்தேன். புதிய படிவத்தில் முகவரிக்குக் கட்டமே இல்லை. தொலைபேசி இலக்கம் போதுமாம். நிம்மதி அடைந்திருக்க வேண்டும். மேசையிலிருந்த கராம்பு எண்ணெய்ப் போத்தலின் மணம் மூக்கில் ஏறவும், அந்தப் பழைய நேர்முகத் தேர்வு நினைவுக்கு வந்துவிட்டது.

உங்களிடம் மறைப்பானேன்? மாத்தளை நகரின் இந்த வாசனைத் திரவிய நிறுவனத்தில் சேர்ந்தபோது, உக்குவளையிலுள்ள மாமா வீட்டு முகவரியைத்தான் எழுதிக் கொடுத்தேன். பிறந்து வளர்ந்ததோ எல்கடுவத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். பல்கலைக்கழகத்தில் சமவாய்ப்பைப் பற்றி நீண்ட ஆய்வு எழுதிய கைக்குச் சொந்த முகவரி எழுத வரவில்லை.

முதன்முதலாக நேர்முகத் தேர்வு நடத்துபவனாக உட்கார்ந்த அன்று, முதலாளி விண்ணப்பங்களைப் புரட்டியபடி சொன்னார்: "தோட்டத்து டிவிஷன்னு அட்ரஸ் போட்டிருந்தா வேணாம் தம்பி. மழை பெஞ்சா தோட்டத்துக்கு பஸ் போகாது, ஆளும் வராது."

தலையாட்டினேன். நிமிர்ந்தால் வாசலில் சுமதி.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராக்காரி. "அண்ணே, ஒரு வாளி மட்டும், ஸ்கூலுக்கு லேட்டாகுது" என்று அந்நாளில் குழாயடியில் தினமும் என்னை முந்தியவள். இங்கே அவள் 'அண்ணே' என்றால் என் பொய்யும் வேலையும் சேர்ந்தே போய்விடும்.

முதலாளி அவளிடம் கராம்பு எண்ணெய்ப் போத்தலை நீட்டினார். "இத எனக்கு வித்துக் காட்டுங்க, பாப்போம்."

சுமதி முகர்ந்து பார்த்தாள். "பஞ்சுல ஒரு சொட்டு வச்சா பல்லுவலி அடங்கும் சேர். ஆனா பல்லு குணமாகாது. டாக்டர்கிட்ட போகத்தான் வேணும்."

"இப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?"

"பொய் சொல்லி வித்தா ரெண்டாந்தரம் எவன் வருவான் சேர்?"

முதலாளி சிரித்துவிட்டார். "எந்த ஊரு?"

"எல்கடுவ, மேல் டிவிஷன்."

"நம்ம தம்பியும் அந்தப் பக்கந்தான், உக்குவளை. தெரியுமா இவர?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க சேர்."

அவள் வெளியே போனதும் முதலாளி, "நல்ல புள்ள. நீ என்ன சொல்ற?" என்றார். நான் ஒரு நல்ல சொல் சொன்னால் போதும், வேலை அவளுக்கு. ஆனால் நாளை அவள் பக்கத்து மேசையில் இருப்பாள், என்றாவது வாய் தவறுவாள். "தூரம் சேர்" என்றேன். அவள் விண்ணப்பத்தில் அதையே எழுதியும் வைத்தேன்.

சென்ற மாதம் சீகிரியாவில் ஒரு ஹோட்டல் கடையில் அவளைக் கண்டேன். கல்லாவில் அவள், முன்னால் ஒரு கூட்டம். நானும் வரிசையில் நின்றேன். வாய் திறப்பதற்குள் என்னைக் கண்டுகொண்டாள். எனக்கு முன்னால் நின்ற முச்சக்கரவண்டிக்காரரிடம் சொன்னாள்:

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சேரை அனுப்பிட்டு வாறேன்."