அருளப்பன் சாரின் ஜோடி வார்த்தைகள்

அருளப்பன் சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே தடவைதான். எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த ஓட்டலில் 'ஃபுல் மீல்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் 'ஃபூல் மீல்ஸ்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். மனுஷன் நேரே கல்லாவுக்குப் போய், "ஏம்ப்பா, முட்டாப்பயலுக்கு மட்டும்தான் சோறா, எங்களுக்கெல்லாம் கெடையாதா?" என்று கேட்டார். மறுநாளே போர்டை மாற்றிவிட்டார்கள். அந்த வெற்றியை ஒரு வாரம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மரியநாதபுரத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். கேட்பதற்கு ஒன்று போல இருந்து அர்த்தத்தில் ஏமாற்றும் வார்த்தைகள் மேல்தான் அவருக்குப் பைத்தியம். ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் செம்மறி. ஹில் என்றால் மலை, ஹீல் என்றால் குதிகால். இப்படி ஜோடி ஜோடியாகப் பிடித்து ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். காடு கழனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஜோடிக்கும் தமிழில் ஒரு கேள்வி, கீழே அந்த இரண்டு வார்த்தைகளும் தமிழ் எழுத்திலேயே.

அவர் மனைவி செபாஸ்தியம்மாள் அக்கா நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர். நைட் ஷிப்டு முடிந்து அக்கா வருவார், சார் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். வீட்டில் பள்ளிக்கூடப் பேச்சே எடுக்க மாட்டாராம். "முப்பது வருசம் குடும்பம் நடத்திருக்கேன் மதி, அவுக பாடம் நடத்தி ஒரு நா பாத்ததில்ல" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ரிட்டயர் ஆன இரண்டாம் வருஷம், காலையில் முகச் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. அவருக்கு என்ன புரிகிறது, என்ன புரியவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தலையாட்டுவதையும் நம்ப முடியவில்லை. சாப்பிட்டாச்சா என்றாலும் தலையாட்டுவார், நான்தான் திண்டுக்கல் கலெக்டரா என்றாலும் அதே மாதிரி ஆட்டுவார். விளையாட்டாகக் கேட்டுவிட்டு, அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். "பேச வேணாம், நடக்க வேணாம். நாஞ் சொல்றது அவுகளுக்குப் புரியுதுன்னு தெரிஞ்சாப் போதும் மதி. கட்டையோட பேசுறேனா மனுசனோட பேசுறேனான்னு தெரியணும்ல?"

பீரோவில் இருந்த அந்த நோட்டை எடுத்தது அதற்காகத்தான். சாருக்கு உயிரான வார்த்தைகள், அதைக் கேட்டாலாவது ஒரு அசைவு வராதா என்ற ஆசை. பிசியோதெரபி தம்பி வந்து, இடது கை எல்லா வேலையையும் பார்த்தால் வலது கை சோம்பேறியாகிவிடும், தினமும் ஒரு மணி நேரம் இடது கையைக் கட்டுப்படுத்தி வையுங்கள் என்று சொல்லியிருந்தார். அக்கா இரண்டையும் சேர்த்தே செய்தார். காலை டீ கொடுத்ததும் சாரின் இடது கையைத் துண்டில் சுற்றித் தன் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். மறு கையில் நோட்டு.

"தூத்துக்குடித் துறைமுகத்துல நிக்கிறது எது? ஷிப்பா, ஷீப்பா? சொல்லுங்க."

சார் தன் வலது கையைப் பார்ப்பார். செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் தண்ணீர் வரும். இந்த வியாதியில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் அக்கா முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

"அய்யலூர் சந்தையில விக்கிறது எது? ஷிப்பா, ஷீப்பா?"

அப்போது மடியிலிருந்த இடது கை துள்ளும். அக்கா இன்னும் இறுக்கிப் பிடிப்பார். "கையச் சும்மா வைங்க. வாயால சொல்லுங்க."

நான் பல நாள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். சில கேள்விக்குத் துள்ளும், சில கேள்விக்குத் துள்ளாது. "கொசு கடிக்குதோ என்னமோ, விடுங்கக்கா" என்று சொன்னவள் நான்தான். எம்.ஏ. படித்த அறிவு அம்புட்டுத்தான்.

மூன்று மாதம் கேட்டார். நோட்டை நாலு தடவை முதலிலிருந்து கடைசி வரை முடித்தார். அதன் பிறகு குரலில் உயிர் இல்லை, கடனே என்று வாசித்தார். டிசம்பரில் ஒரு காலை, சாரின் இடது கையை மடியில் வைத்திருக்கும்போதே துபாயிலிருந்து மகள் கிளாரா பேசினாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கும், வரட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா அம்புட்டுத் தூரம் வார? அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல. ஆளும் தெரியல, பேரும் தெரியல. நீ வந்து நின்னாலும் ஒண்ணுதான், நிக்காட்டியும் ஒண்ணுதான். சீசன் முடிஞ்சு டிக்கெட்டு வெல கொறஞ்சதும் வா."

அன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கை துள்ளியது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அக்கா அதை இரண்டு கையாலும் அழுத்தினார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் துண்டு அவிழ்ந்து விழுந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் சார் இறந்துபோனார். கிளாரா அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். பெட்டியை மூடும் முன் அவள் அப்பாவின் காதில் குனிந்து நெடுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோது பேசியிருக்க வேண்டியது.

முப்பதாம் நாள் பூசைக்கு சாரின் பழைய மாணவர்கள் பத்துப் பேர் ஒரு வேனில் வந்தார்கள். கூட்டி வந்தவர் பெருமாள்சாமி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றுகிறவர், நாற்பது வயதிருக்கும். சாப்பாடு முடிந்ததும் அக்கா நோட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்கப்பா. எனக்கு இது ஒதவல."

பெருமாள்சாமி நோட்டைப் புரட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவ நீங்க கேளுங்கம்மா. சார் கேட்ட மாதிரி இருக்கும்."

அக்கா சிரிக்கப் பார்த்தார். கைக்கு வந்த பக்கத்தை விரித்து வாசித்தார். "அய்யலூர் சந்தையில விக்கிறது எது? ஷிப்பா, ஷீப்பா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பத்துப் பேரும் சேர்ந்தாற்போல இடது கையைத் தூக்கினார்கள்.

"எதுக்குய்யா பீச்சாங்கையத் தூக்குறீக?"

"அதாம்மா சார் பழக்கம். ரெண்டு வார்த்தையும் ஒரே மாதிரி கேக்குமில்ல, வாயால சொன்னா எவன் எதச் சொன்னான்னு தெரியாது. அதனால வாயத் தொறக்கக் கூடாது. மொத வார்த்தைன்னா சோத்தாங்கை, ரெண்டாவதுன்னா பீச்சாங்கை. வாத்தியார் முன்னாடி பீச்சாங்கையத் தூக்கக் கூச்சப்படுவோம். சார் விடமாட்டாரு. முப்பத்தோரு வருசமும் இப்பிடித்தான்."

இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு அவர் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது.

அக்காவின் முகம் மாறவில்லை. "ரெண்டாவதுன்னா பீச்சாங்கையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவர் ஆமாம் என்றார். அக்கா தன் மடியைக் குனிந்து பார்த்தார். இரண்டு கையும் தானாக மடிக்கு வந்து ஒன்றின் மேல் ஒன்றாக அமுங்கின.

"மதி, அவுக சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காக."

அக்கா மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாந்தான் புடிச்சு வச்சிருந்தேன்."

அடுப்படியில் கிளாரா ஏனங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்று நான் அக்காவின் தோளைத் தொட்டேன். அக்கா என் கையை விலக்கிவிட்டு எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"கிளாரா, அந்தக் குழாய மூடு. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒங்கப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்மா. நான் ஒன்னைய வராதன்னு சொன்னதும் அவுக காதுல விழுந்திருக்கு."