சுவரில் நின்ற பேச்சித்தாய்

தென்காசியில் கடைப்பலகை எழுதிய சிவசைலத்துக்கு வீம்பு அதிகம். கடைக்காரர் கேட்ட நிறம் பிடிக்காவிட்டால் தூரிகையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருந்ததில்லை, 1958 வரை.

அப்போது நான் குற்றாலத்தில் ஒரு சத்திரத்துக் குமாஸ்தா. எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போகிறவர்கள் கையைத் துடைப்பது எங்கள் தெருச்சுவரில்தான். படம் இருந்தால் கூசுவார்கள் என்று தர்மகர்த்தா காந்திமதிநாதன் நினைத்தார். கம்பெனிக் காலத்தில் மலையில் ஜாதிக்காய்த் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரையைத் தொப்பியோடு வரையச் சொல்லி, சிவசைலத்தைப் பிடித்தோம்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் துரையைக் காணோம். ஜாதிக்காய் மரம் இருந்தது, கிளையில் கருங்குரங்கு இருந்தது, நடுவில் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண்.

"தொரை எங்கவே?" என்றார் தர்மகர்த்தா.

"நடச் சொன்னதுதான் தொரை, அண்ணாச்சி. தண்ணி செமந்து வளத்தது எங்க பூட்டி பேச்சித்தாயி."

வெள்ளிக்கிழமைக்குள் சுண்ணாம்பு அடிக்க உத்தரவாயிற்று. அதை எழுதியவன் நான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாளியோடு போனால், பேச்சித்தாயின் நெற்றியில் குங்குமம், காலடியில் செவ்வரளி. இலத்தூரிலிருந்து குளிக்க வந்த பெண்கள் ஏதோ அம்மன் என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளையடிக்க வந்த மைதீன் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

தர்மகர்த்தாவும் தயங்கி, ஓரமாக நின்ற சிவசைலத்தைப் பார்த்தார். "சாமியாவே இது? சாமின்னா இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு ஆமாம் போட்டால் படம் பிழைத்துவிடும். போட்டுத் தொலையேன் மனுஷா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

சிவசைலம் தலையை ஆட்டி மறுத்தார். "சாமி இல்ல அண்ணாச்சி, மனுசி. சாமியாக்கிட்டா அவ பேரு போயிரும். தொரை பேரு புஸ்தகத்துல இருக்கு. இவ பேரு எங்க வீட்டத் தவிர எங்கனயும் இல்ல."

கும்பிட்ட கைகள் இறங்கின. மைதீன் மனசில்லாமல் வாளியை எடுத்தார்.

குங்குமம் வைத்தவள் தங்கத்தாய் என்கிற நடுவயதுக்காரி. அவள் சுவரை மறித்து நின்றாள். "எங்க பூட்டியும் அந்தத் தோட்டத்துலதான் தண்ணி செமந்தா. கொடம் செமந்து செமந்து இடுப்பே கோணிப்போச்சாம். அவளையும் பக்கத்துல வரைங்க. பொறவு வேணும்னா ரெண்டு பேரு மேலயும் சேத்து அடிங்க."

அவள் பின்னால் மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். தர்மகர்த்தா கல்நெஞ்சக்காரர் அல்ல. அத்தனை பேரைத் தள்ளிவிட்டு வெள்ளையடிக்கும் துணிச்சலும் அவருக்கு இல்லை. என் கையிலிருந்த உத்தரவை வாங்கிக் கிழித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவசைலம் தூரிகையை எடுத்தார். "ஒங்க பூட்டி மொகம் எப்படிம்மா இருக்கும்?"

"நான் எங்கன பாத்தேன்?" தங்கத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் வந்து நின்றாள். "என் மொகத்தப் பாத்து வரைங்க."