சிவப்புப் பூட்டு

எதையாவது செருகினால் உடனே பிடித்து இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. சட்டைப் பொத்தான், கதவுக் கொக்கி, காஸ் குழாய், எதுவானாலும். "உனக்கு ஒண்டிலயும் நம்பிக்கை இல்லையடி" என்பாள் அக்கா. உண்மைதான். நம்பிக்கையில்லாமல் இருப்பதற்குத்தான் எனக்குப் பல வருடம் சம்பளம் தந்தார்கள்.

தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில், பக்கத்து ஊரில் வாகனங்களுக்கு வயர் கட்டும் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். வயர் நுனியில் பித்தளைப் பின்னை நசுக்கிப் பொருத்தி, அதை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ளவேண்டும். அந்தக் கூட்டைக் கப்ளர் என்போம். பின்னின் முதுகில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது உள்ளே போய் விரிந்து பிடிக்கும்போது 'டிக்' என்று கேட்கும். தள்ளு, கேள், இழு. கனவிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பி உப்புக்குளத்தில் குடியேறியபோது, அந்த மூன்று சொல்தான் நான் கொண்டுவந்த தொழில். வீட்டின் முன்பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ஓட்டோக்களுக்கும் தண்ணீர்ப் பம்புகளுக்கும் வயர் கட்டிக் கொடுத்தேன். பொம்பிளை வயர் கட்டுகிறாளாம் என்று விடுப்புப் பார்க்க வந்தவர்களே பிறகு வாடிக்கையாளர்களானார்கள்.

அடுத்த வீட்டில் அக்காவும் அத்தானும். அத்தானுக்குக் கடல்தொழில். திரும்பி வந்தபின் அவரிடம் இருந்தது ஒரு படகும் ஒரு வலையும். வலையை விட்டுவிட்டு, விடியும்வரை படகில் ஒரு விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பார். அந்த வெளிச்சம் தெரிந்தால்தான் மற்றப் படகுகள் விலகிப் போகும். அந்த விளக்கு இரண்டு தரம் அணைந்து நின்றது. முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரம் ஒரு பெரிய படகு வலைக்கு மேலால் ஏறிப் போய், பாதி வலை கிழிந்தது. தன்னை அது இடிக்காமல் போனது அந்தோனியார் செயல் என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அத்தான். அக்கா சிரிக்கவில்லை.

"வலை போனா வாங்கலாம். மனுசன் போனா எங்க வாங்கிறது? விளக்கு நிக்காதெண்டு நீ சொல்லுமட்டும் நான் இவரைக் கடலுக்கு விடமாட்டன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டு, அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

விளக்கையும் பற்றரியையும் தொடுக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்த்ததும் குற்றம் தெரிந்தது. பற்றரியைப் படகில் விட்டுவைக்கமாட்டார்கள். ஒவ்வொரு நாள் காலையும் கழற்றி, சார்ஜ் போட வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். ஈரக்கையில் கப்ளர் வழுக்கும் என்பதால் வயரைப் பிடித்து இழுத்தே கழற்றுவார் அத்தான். அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான். இழுபட்டு இழுபட்டு நாக்குக் களைத்துப்போய், பித்தளைப் பின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவியிருந்தது. வெளியே பார்த்தால் கப்ளர் பூட்டியபடி இருக்கும். உள்ளே தொடுப்பு இருக்காது.

"வயரை இழுக்காதேங்கோ அத்தான், கூட்டைப் பிடிச்சுக் கழற்றுங்கோ."

"ஓம் ஓம்."

அத்தான் இரண்டு ஓம் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அவரைத் திருத்துவதைவிடக் கப்ளரைத் திருத்துவது சுலபம் என்று நினைத்தேன்.

பட்டறையில் நல்ல கப்ளர்களுக்கு இரண்டாவது பூட்டு ஒன்று இருக்கும். அதை நானே செய்யப் பார்த்தேன். உடைந்த சிவப்பு வாளியில் ஒரு துண்டு வெட்டி, சீப்புப் போலப் பல் வைத்து அராவினேன். கூட்டின் பக்கத்தில் சூடான கத்தியால் ஒரு வாய் திறந்தேன். பின்கள் முழுதாக உள்ளே போனபின் சீப்பு குறுக்கே போய் அவற்றின் முதுகில் நிற்கும். பிறகு யார் இழுத்தாலும் அவை அசையாது. ஒரு பின் அரைகுறையாக நின்றால் சீப்பின் பல் அதில் முட்டும், பூட்டு ஏறாது. எனக்கு அதுதான் முக்கியம். சோளகக் காற்று வீசும் அந்தக் கரையில் 'டிக்' சத்தம் எவருக்கும் கேட்காது. ஒரு கிழமை வேலை, இரண்டு விரலில் கொப்பளம். முதல் தரம் அது ஒழுங்காக ஏறியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதம் விளக்கு நிற்கவில்லை. ஒரு நாள் காலை அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். விளக்கு நின்றுவிட்டதாம். விடியும்வரை கையில் டோர்ச் பிடித்துக்கொண்டு இருந்தாராம்.

திறந்தேன். சிவப்புச் சீப்பின் ஒரு பல்லைக் கத்தியால் சீவியிருந்தார். உப்பில் பச்சை பிடித்த வயரைத் தானே மாற்றி, நான் கொடுத்துவைத்த புதுப் பின்னைச் செருகியிருக்கிறார். பூட்டு ஏறவில்லை.

"இறுக்கமா இருந்தது. கொஞ்சம் சீவி விட்டன்."

கடற்கரைக் கை அது. துடுப்பு இறுகினால் சீவு, பலகை முட்டினால் சீவு. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"அது இறுக்கமில்லை அத்தான். உள்ள ஒரு பின் சரியா நிக்கேல்ல எண்டு உங்களுக்குச் சொன்னது. சொன்ன வாயை அறுத்துப்போட்டீங்கள்."

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி என்மேலேயே திரும்பியது. பூட்டு ஏன் ஏறாது என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை. என் கெட்டித்தனத்தைக் காட்டிப் பெருமைப்பட்டதோடு சரி.

புதுச் சீப்பு ஒன்று செய்து, கதிரையில் அவரை இருத்திக் கையில் கொடுத்தேன். பின்னை அரைவாசி தள்ளிவிட்டுப் பூட்டிப் பார்க்கச் சொன்னேன். பிறகு முழுதாகத் தள்ளச் சொன்னேன். நாலைந்து தரம் செய்து பார்த்தார்.

"அப்ப இது ஏறாட்டி?"

"ஏறாட்டிப் போகாதேங்கோ."

"ஓம்" என்றார். ஒரே ஒரு ஓம்.

அதன்பின் மீன் படும் காலம் வந்தது. ஒரு மாலை கரையில் எல்லாப் படகும் இறங்கிவிட்டன. அத்தான் மட்டும் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கப்ளரை என் மேசையில் வைத்தார்.

"பூட்டு ஏறேல்ல. நான் போகேல்ல."

பார்த்தேன். அன்று அவர் புதிதாக மாற்றிப் போட்ட பின்னின் நாக்கு வளைந்து, ஒரு மயிரிழை வெளியே நின்றது. சீப்பில் கத்தி படவேயில்லை. குனிந்துகொண்டு நாக்கை நிமிர்த்தினேன். அதற்குள் இருட்டி, வலை விடும் நேரம் தப்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அக்கம்பக்கமெல்லாம் மீன் பொரிக்கும் மணம். அக்கா வீட்டில் எங்களுக்குப் பருப்பும் முருங்கையிலைச் சுண்டலும்.

"கடல்காரன் வீட்டில இதுதானோ சாப்பாடு?" என்றார் அத்தான்.

"நீங்கள் இருக்கிறீங்கள், எனக்கு அது காணும்" என்று சொல்லி, அவர் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள் அக்கா. பிறகு, நான் கேட்காமலே, எனக்கும்.