பிரேக் அக்கா வீட்டுக்கு நியூட்ரல் வந்த கதை

அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரோடு வீடு திரும்புவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய தொழில். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டப் பழகுகிறவர்கள் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடும் சமயங்களில் அந்த இரண்டாவது பிரேக்தான் சாலையில் போகிற எல்லோரையும் காப்பாற்றுகிறது. அதை வைத்தே அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

தொழில் காலில் ஊறிப்போயிருந்தது. பஸ்ஸில் போனாலும் சரி, பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் சரி, எதற்காவது திடுக்கிட்டால் அக்காவின் வலது கால் தானாகத் தரையைத் 'தொப்' என்று மிதிக்கும். எந்தச் செருப்பு வாங்கினாலும் வலது கால் தேய்ந்து ஓட்டையாகும்போது இடது கால் கடையில் இருந்த மாதிரியே பளபளக்கும். அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். "கடைக்காரர்கிட்ட வலது மட்டும் ரெண்டு கேட்டுப் பாரேன்" என்று ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கைச் சொல்வார். அவரே சிரித்தும் கொள்வார்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நாய் வளர்க்க ஆசை. முதலில் அப்பா வேண்டாமென்றார். பிறகு மாமியார் வேண்டாமென்றார். அப்புறம் வாடகை வீட்டுக்காரர். ஐம்பதைத் தொடும்போது ஒருவழியாகச் சொந்த வீடு அமைந்து, வேண்டாமென்று சொல்ல ஆளே இல்லை என்று நிமிர்ந்து பார்த்தால், நடுக்கூடத்தில் மகாராணி உட்கார்ந்திருந்தாள்.

மகாராணி என்பது முயல். ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுவிட்டுப் போனது. சாம்பல் நிறம், மூன்று கிலோ எடை, நினைத்த இடத்தில் படுக்கும் உரிமை. அவள் மேல் கணவருக்கு உயிர். காலையில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய பாதத்தின் மேல் அவள் வந்து உட்காருவாள். அவள் எழுந்து போகும்வரை அவர் காலை அசைக்கமாட்டார். இது போதாதென்று மேஜை மேல் கூண்டில் இரண்டு கினிப்பன்றிகள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாலே கீச்சுக்குரலில் ஊரைக் கூட்டிவிடும்.

"நாய் வரட்டும், நான் வேண்டாங்கலை" என்றார் கணவர். "ஆனா மகாராணியோட ஒரு முடி பறந்தாலும் அது திரும்பிப் போயிடணும். பத்து நாள் பாப்போம்." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதர் அவர். இங்கே முயலும் அவருடையதாகவே போய்விட்டதால் வாதாடிப் பயனில்லை.

நாய்க் காப்பகத்தில் அக்காவின் கண்ணில் பட்டது, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்த பழுப்பு நாய். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் தயங்கினாள்.

"இவனை ரெண்டு வீட்டுல கூட்டிட்டுப் போய் ரெண்டு வீட்டுலயும் திருப்பி விட்டுட்டாங்கக்கா. இன்னொரு தடவை வந்தான்னா, இனிமே யாருக்கும் குடுக்கிறதா இல்லை. இங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

கயிற்றைக் கொடுத்தாள், போர்வையைக் கொடுத்தாள். அவனுடைய நீலக் கிண்ணத்தை அக்கா எடுக்கப் போனபோது மட்டும், "அது இருக்கட்டும்க்கா, எதுக்கும் இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

வீட்டு வாசலில் வந்து நின்ற நாய் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. பத்து நிமிடம் அப்படியே நின்றது. "நியூட்ரல்ல நிக்குது பாரு" என்றார் கணவர். பெயர் வைக்கும் வேலை அதோடு முடிந்தது.

அக்கா பாடம் எடுக்க ஆரம்பித்தார். எந்த மாணவரையும் முதல் நாளே நெடுஞ்சாலையில் இறக்கிவிடமாட்டார். இவனுக்கும் அதே சட்டம்தான். முதல் இரண்டு நாள் தனி அறை. மகாராணி படுத்த துண்டு நியூட்ரலுக்கு, நியூட்ரல் படுத்த துண்டு மகாராணிக்கு. வாசனை மட்டும் பழகட்டும். மூன்றாம் நாளிலிருந்து கூடத்து வாசலில் ஒரு கம்பிவலைக் கதவு போட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் தூரத்திலிருந்து தரிசனம்.

நியூட்ரல் மூக்கை நீட்டி ஓரடி முன்னால் வைத்தாலே அக்கா திடுக்கிடுவார். "உக்காரு!" என்பார். அவன் டக்கென்று உட்கார்ந்துவிடுவான். ஐந்தாம் நாள் முடிவதற்குள் வார்த்தை வாயிலிருந்து வந்து விழுவதற்கு முன்பே உட்கார்ந்தான். இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு மாணவனைப் பார்த்ததே இல்லை என்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டில் சொன்னார், ஸ்கூல் முதலாளியிடம் சொன்னார், மகளுக்கு போன் போட்டுச் சொன்னார்.

ஏழாம் நாள் கணவர் கயிற்றைக் கையில் வாங்கினார். வலைக்கு அந்தப் பக்கம் மகாராணி காதை ஆட்டியதும் நியூட்ரல் முன்னால் இழுத்தான்.

"உக்காரு" என்றார். அவன் வாலை ஆட்டினான். "டேய், உக்காரு!" வலையில் மூக்கை வைத்து அழுத்தினான். அவர் கெஞ்சினார், அதட்டினார், கண்ணாடியைக் கழற்றி முறைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"நீ இருந்தா கேக்குது, சரி. நீ வேலைக்குப் போன பிறகு யார் பேச்சைக் கேக்கும்?" என்று கயிற்றை அக்காவிடமே கொடுத்தார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அது அக்காவை அதிகம் வாட்டியது. காப்பகத்து அலமாரியில் இருந்த நீலக் கிண்ணம் அன்றைக்கு முழுவதும் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

எட்டாம் நாள் மாலை, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாலு தடவை லைசென்ஸ் டெஸ்ட்டில் தோற்ற அக்காவின் மாணவி, ஒரு தையற்காரி, ஐந்தாவது தடவையில் பாஸாகிவிட்டாளாம். போனிலேயே அழுதாள், அக்காவும் கூடச் சேர்ந்து அழுதார். அந்தச் சந்தோஷத்தில் பாதிப் படி இறங்கியபோதுதான் நினைவு வந்தது, கம்பிவலைக் கதவுக்குக் கொக்கி போடவில்லை. ஹேண்ட்பிரேக்கை மூன்று முறை பார் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர்! ஊருக்குத்தான் உபதேசம்.

கீழே கூடத்தில் 'தொப்' என்று ஏதோ விழும் சத்தம் கேட்டது.

துணியெல்லாம் படியில் சிதற ஓடினார். கடையிலிருந்து வந்த கணவர் அதே நேரம் வாசல் கதவைத் திறந்தார். இருவரும் இரண்டு பக்கமிருந்து கூடத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

நடுக்கூடத்தில் நியூட்ரல், பரீட்சை ஹாலில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். இரண்டடி தள்ளி மகாராணி. அவன் மெல்ல எழுந்து முன்னங்காலை எடுத்து வைத்தான். மகாராணி பின்னங்காலால் தரையை ஓங்கி அறைந்தாள், 'தொப்'. அவன் டக்கென்று உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்து ஆசை தாளாமல் மறுபடியும் எழுந்தான். 'தொப்'. உட்கார்ந்தான்.

பயந்தால் முயல் அப்படித்தான் காலைத் தட்டும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயந்தால் அக்காவும் அப்படித்தான் மிதிப்பார் என்பது அந்த நாய்க்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியவில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முயலின் காலைப் பார்த்தார், மனைவியின் காலைப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை நாளா அவன் உன் பேச்சைக் கேக்கவேயில்லை. உன் காலைத்தான் கேட்டிருக்கான்!"

சந்தேகத்துக்குத் தானும் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். நியூட்ரல் அவர் பக்கம் திரும்பி மரியாதையாக உட்கார்ந்தான். அவ்வளவுதான், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்; நடுவில் கொஞ்சம் அழுதார், மறுபடி சிரித்தார். கினிப்பன்றிகள் ஃபிரிட்ஜ் திறந்துவிட்டது என்று நினைத்துக் கத்தித் தீர்த்தன. இந்த அமளியில் மகாராணி நிதானமாகத் தத்திப் போய் நாயின் முன்னங்காலை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நியூட்ரல் காலை அசைக்கவில்லை. கணவரின் சிரிப்பு நின்றது.

"என்னை மாதிரியே உக்காந்திருக்கானே" என்றார். "இனிமே ரெண்டு பேருக்கும் நடுவுல கொக்கியை மட்டும் ஒழுங்காப் போடு. கொஞ்ச நாளைக்குத் தனியா விட வேண்டாம்." திருப்பி அனுப்பும் பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவே இல்லை.

பத்தாம் நாள் காலையில் அக்கா காப்பகத்துக்கு போன் செய்தார். குரலைக் கேட்டதுமே அந்தப் பெண் சோர்ந்துபோய், "எப்பக்கா கொண்டு வரீங்க?" என்றாள்.

"கொண்டு வரலைம்மா. அவன் இங்கதான் இருப்பான்."

"அவன் கிண்ணம் இங்க இருக்கேக்கா" என்றாள்.

"அதை வேற நாய்க்குக் குடுத்துடு."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அலமாரி திறக்கும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். போனை வைக்காமலேயே அவள் கிண்ணத்தைக் கழுவத் தொடங்கியிருந்தாள்.