தாசில்தாரின் வால்

மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து தினமும் காலை போட் பிடித்து வெலிங்டன் தீவுக்குப் போகிறவர்களில் இசக்கிதுரையும் ஒருவர். ஐம்பத்தெட்டு வயது. தேயிலைத் தரகுக் கம்பெனி ஒன்றில், ருசி பார்க்கும் அறையில், முப்பத்தோரு வருஷமாகச் சாயா இறக்குவதுதான் வேலை. அவர் இதுவரை இறக்கியதை எல்லாம் காயலில் ஊற்றியிருந்தால் வந்த கப்பல்கள் பாலும் சீனியும் கேட்டு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் மனிதர் சாயா குடிக்கமாட்டார். சீரகத் தண்ணீர்தான்.

வேலையில் அவ்வளவு துல்லியம். இலையைத் தராசில் நிறுத்து, மூடி போட்ட வெள்ளைப் பீங்கானில் போட்டு, கொதிநீர் ஊற்றி, ஆறு நிமிஷம் மணி வைப்பார். மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் கை நீளும். வீட்டிலும் இந்தப் புத்தி போகாது. இட்லியை இன்னும் நாற்பது நொடி விட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க இட்லி கிடைக்காமல் இருந்த நாளும் உண்டு.

அவர் மனைவி வீரலட்சுமிக்கு ஒரு ஃபைட்டர் மீன். நகத்தளவு இருந்தபோது வாங்கி, இரண்டு வருஷமாக வளர்த்தது. நீல உடம்பு, பட்டுப்புடவைக் கொசுவத்தை விரித்துப் போட்ட மாதிரி சிவப்பு வால். யார் கிட்டே போனாலும் செவுளை விரித்து, மனுவை நாளைக்குக் கொண்டுவா என்கிற தோரணையில் முறைக்கும். அதனால் அதற்குத் தாசில்தார் என்று பெயர்.

பாலக்காட்டில் இருக்கும் அவள் அக்கா கங்காவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்குப் பதினாறு நாள் போய் இருக்க வேண்டியதாயிற்று. இசக்கிதுரை பெருந்தன்மையாக, ஒரு மாசம் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வா, எனக்கென்ன என்றார். வீரலட்சுமி பையைத் தூக்கும்போது மூன்று கட்டளைகள் போட்டாள். காலையில் நாலே நாலு உருண்டை தீனி. குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் வைத்த பிறகுதான் மாற்ற வேண்டும். ஜாடியை இருக்கிற இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது.

"நான் திரும்பி வரும்போது அது இதே வாலோட இருக்கணும். சொல்லிட்டேன்" என்றாள்.

ஒரு மீனுக்கு இவ்வளவு உபதேசமா என்று சிரித்தபடிதான் பஸ் ஏற்றிவிட்டார்.

முதல் மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. அமைதி என்றால், குக்கர் விசில் எண்ணுவதற்குக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாத அமைதி. இசக்கிதுரை கஞ்சியும் பயறும் வைத்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு சரியா என்று மீனிடம் கேட்டார். அது முதுகைக் காட்டியது. புதன்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: தாசில்தார் ஏங்கிப்போய்விட்டது. வாய் விட்டுச் சொல்லத் தெரியாத ஜீவன், வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் எப்படித் தாங்கும்?

ஜாடியைச் சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்து முன்னறையில் தம் ஷேவிங் கண்ணாடியை ஒட்டி வைத்தார். மீன் கண்ணாடியைப் பார்த்தது. உடனே சிலிர்த்தது, விரிந்தது, இப்படியும் அப்படியும் பாய்ந்தது. அதன் முகத்தில் இப்படி ஒரு குஷியை அவர் கண்டதே இல்லை. திருப்தியாக வேலைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் வாலில் பாதி இல்லை. யாரோ கத்தரிக்கோல் வைத்து அரைவட்டமாக இரண்டு இடத்தில் வெட்டி எடுத்தமாதிரி இருந்தது.

முதல் சந்தேகம் எதிர்வீட்டுப் பூனைமேல் விழுந்தது. பூனையைத் தூக்கி மீசையைத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. எங்கள் பூனை பொரித்த மத்தி மட்டும்தான் தொடும் என்று லுப்னா வாசலில் நின்று சத்தியம் செய்தாள். சரி என்று ஜாடியை நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, பஜார் முடுக்கில் மீன் கடை வைத்திருக்கும் ஷமீரிடம் ஓடினார். சமைக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன்.

ஷமீர் போட்டோவை விரலால் விரித்துப் பெரிதாக்கினான். மீனைப் பார்க்கவில்லை. மீனுக்குப் பின்னால் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல பனியனோட ஒருத்தர் நிக்காரே, அது யாரு?"

"நான்தான். கண்ணாடில தெரியுது."

"கண்ணாடியா? ஃபைட்டர் பக்கத்துலயா?" ஷமீர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான். "உங்களையே ரெண்டு நாள் ஒரு ரூம்ல இன்னொரு இசக்கிதுரையோட பூட்டி வச்சா என்ன பண்ணுவீங்க?"

பிறகு விளக்கினான். அதற்குக் கண்ணாடியில் தெரிவது தன் முகம் இல்லை, எதிரியின் முகம். ராப்பகலாகச் சண்டை போட்டிருக்கிறது. எதிரி தோற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. வெறுத்துப்போய்த் தன் வாலையே கடித்துக்கொண்டது. அழுகல் நோய் என்றால் ஓரம் கறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்; இது ஒரே இரவில், சுத்தமாகக் கடித்த கடி. கண்ணாடியை எடுத்துவிட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, காய்ந்த பாதாம் இலையின் சாறு சேர்த்தால் வளர்ந்துவிடும். எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இசக்கிதுரை கேட்டார்.

"அளவெல்லாம் பாக்க வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி சாயா நிறத்துக்கு வந்தாப் போதும்."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டிருப்பார்கள். சொன்னது முப்பத்தோரு வருஷம் சாயா நிறம் பார்த்த மனிதரிடம்.

அன்று சாயங்காலமே வீரலட்சுமி வீடியோவில் வந்துவிட்டாள். தாசில்தாரைக் காட்டச் சொன்னாள். முகத்தைக் காட்டினார். வாலைக் காட்டச் சொன்னாள். சிக்னல் போய்விட்டது என்றார். மறுநாள், அது தூங்குகிறது. அதற்கு மறுநாள், அதற்கு இப்போதெல்லாம் வெட்கம் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஜாடி கண்ணாடியை விட்டு ஜன்னலுக்கே திரும்பி, வைத்தியம் தொடங்கியிருந்தது. தீவில் ஆபீஸ் வளாகத்துப் பாதாம் மரத்தடியில் நன்றாகக் காய்ந்த இலைகளைப் பொறுக்கினார். கழுவினார், உலர்த்தினார், தூளாக்கிச் சலித்தார். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும் என்பதால் ருசி அறையின் வடிகட்டிய தண்ணீரையே எடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் நிறுத்து, ஊற்றி, மூடி, ஆறு நிமிஷம் மணி வைத்தார். வந்தது பாருங்கள், ஒரு நிறம். உயர்ந்த தோட்டத்து முதல் பறிப்புக்குக்கூட அப்படி வராது. ஆற வைத்து, ஃபிளாஸ்க்கில் வீட்டுக்குக் கொண்டுபோய் ஜாடியில் ஊற்றினார்.

தாசில்தார் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. தீனி போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. செவுளை விரிக்கவில்லை. கிட்டே போனால் முறைக்கக்கூட இல்லை. அந்த முறைப்பு ஒன்று கிடைக்காதா என்று இசக்கிதுரை ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வால் இல்லாத மீனைக் காட்டினால் வீரலட்சுமி திட்டுவாள். மீன் இல்லாத ஜாடியைக் காட்டினால் திட்டமாட்டாள். அதை நினைக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் இலையைக் கூட்டினார்.

அன்று, ருசி பார்க்கும் சந்தீப் சாப்பிட்டு முடித்துச் சீக்கிரமே வந்துவிட்டார். முப்பத்திரண்டு வயதுப் பையன், ஆனால் அந்த நாக்கை நம்பித்தான் கம்பெனியின் தேயிலை ஏலம். மேசையில் வரிசையாகக் கோப்பைகள். கரண்டியால் அள்ளி, தண்டவாளத்தில் ரயில் போகிற சத்தத்தோடு உறிஞ்சி, துப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கோப்பை அந்த வரிசையைச் சேர்ந்ததில்லை என்று இசக்கிதுரை சொல்ல வாயெடுப்பதற்குள் அதையும் உறிஞ்சிவிட்டார்.

துப்பவில்லை. வாயிலேயே வைத்து உருட்டினார். கண்ணை மூடினார். பிறகுதான் துப்பினார்.

"இது ஏது தோட்டம் சேட்டா?"

பொய் சொல்லும் சரக்கெல்லாம் பாலக்காட்டுக்குச் சொல்லியே தீர்ந்துபோயிருந்தது. மீன் மருந்து என்று இசக்கிதுரை உள்ளதைச் சொன்னார். கண்ணாடி, கடி, ஷமீர், இலை, ஆறு நிமிஷம் எல்லாம் சொன்னார். சந்தீப் கோபப்படவில்லை. இன்னொரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துவர்ப்பு நாக்கைப் பிடிச்சு இழுக்குது. ஏன் சேட்டா, நாம இவ்ளோ கடுப்பமா, திக்கா எறக்குறது எதுக்கு? இலையில என்ன குத்தம்னு கண்டுபிடிக்க. இத ஒருத்தன் குடிக்கணும்னாலே நாலு பங்கு தண்ணி ஊத்தணும். நீங்க அந்தப் பாவப்பட்ட மீனை இதுக்குள்ள குடி வச்சிருக்கீங்க."

முப்பத்தோரு வருஷத்தில் முதல்முறையாக இசக்கிதுரை அரைநாள் லீவு கேட்டார்.

வீட்டுக்கு வந்து, வாளியில் வைத்திருந்த தண்ணீரை எடுத்து, ஒரேயடியாக மாற்றினால் மீன் அதிர்ந்துபோகும் என்று ஷமீர் சொன்னபடி, அரைமணிக்கு ஒரு தம்ளர் எடுத்து ஒரு தம்ளர் ஊற்றினார். மணி வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். காப்பிக்கொட்டை நிறம் குறைந்து குறைந்து, ஆஸ்பத்திரி கேன்டீன் சாயாவாகி, பிறகு கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு ஊற்றுகிற சாயாவாகியது. வெயில் சாயும்போது தாசில்தார் மெல்ல மேலே வந்தது. ஒரு வாய் காற்று குடித்தது. அவரைப் பார்த்தது. செவுளை விரித்து, நாளைக்கு வா என்று முறைத்தது. மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அதன் பிறகு தினமும் கொஞ்சம் தண்ணீர், வெளிறிய சாறு, நாலே நாலு உருண்டை. ஒரு வாரத்தில் கடிபட்ட ஓரத்தில் வெங்காயத் தோல்போல மெல்லிசாக, நிறமே இல்லாமல் புது வால் எட்டிப் பார்த்தது.

வீரலட்சுமி வந்த அன்று ஜாடி சமையலறை ஜன்னலிலேயே இருந்தது. முன்னறையில் நின்று சொல்வதற்கு இசக்கிதுரை நீளமாக ஒரு விளக்கம் தயார் செய்திருந்தார். அதில் பூனையும் உண்டு. அவள் செருப்பைக் கழற்றி, நேராக ஜன்னலுக்குப் போய்க் குனிந்தாள். மீன் முழு உடம்பையும் ஆட்டிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது. பாதி வாலும் தெரிந்தது. வெங்காயத் தோலும் தெரிந்தது. ரொம்ப நேரம் அவள் நிமிரவில்லை.

தயார் செய்த விளக்கத்தில் ஒரு வரியும் அவருக்கு நினைவு வரவில்லை.

"நான்தான் ஜாடியை மாத்தி வச்சேன். கண்ணாடி பக்கத்துல. தன்னையே பாத்துச் சண்டை போட்டு கடிச்சிக்கிட்டுது. வைத்தியம் பண்றேன்னு பாதி கொன்னுட்டேன். உன்கிட்ட பொய்யும் சொன்னேன்."

"எதுக்குக் கண்ணாடிகிட்ட வச்சீங்க?"

"பேச்சுத்துணை இல்லாம மீனு ஏங்கிப்போச்சு."

"மீனா?"

இசக்கிதுரை சீரகத் தண்ணீர் போட அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

வீரலட்சுமி அவரைத் திட்டவில்லை. போனை எடுத்து அக்காவுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்ததைச் சொன்னாள். பிறகு குரலைத் தணிக்காமல் சொன்னாள்.

"அடுத்த மாசம் கண்ணு செக்கப்புக்கு நான் தனியா வரலக்கா. துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். இங்க ஒத்தைல விட்டா சரிப்படாது, பாதி ஆயிடும்."

அந்தப் பக்கம் கங்கா ஏதோ கேட்டாள்.

"மீனைச் சொல்லலக்கா. அது தேறிடுச்சு."